பச்சை கவுனைப் பற்றிச் சொன்னவர்

நியூ ஆர்லியன்ஸ்
11 பிப்ரவரி 1957

அன்புள்ள தங்கை டீலிக்கு,

அக்கா லூவீனியா எழுதுவது. கர்த்தர் கிருபையில் அம்மா நலம், நான் நலம், கடையும் நலம். உன் தொண்டை எப்படி இருக்கிறது? உன் பிழைப்பே அதில்தான் என்பதால் அதை முதலில் கேட்கிறேன்.

பார்சல் உடையாமல் வந்து சேர்ந்தது. இசைத்தட்டு கடையில் பத்திரமாக இருக்கிறது. பத்திரிகையில் உன் படத்தைக் கால் பக்கத்துக்குப் போட்டிருக்கிறார்கள். அந்த ஊர் எழுத்தை இங்கே படிக்க ஆள் இல்லை. படத்தை மட்டும் வெட்டி ஐஸ் பெட்டிக்கு மேலே ஒட்டிவிட்டேன். கெளுத்தி வாங்க வருகிறவர்கள் யார் இந்தச் சினிமாக்காரி என்று கேட்கிறார்கள். "என் தங்கச்சி. டென்மார்க்குல ஜாஸ் பாடுறா, வெள்ளைக்காரன் எழுந்து நின்னு கை தட்டுறான். உனக்கு மீன் எத்தனை பவுண்டு?" என்பேன். பேச்சும் முடியும், வியாபாரமும் முடியும்.

செப்டம்பர், அக்டோபரில் உனக்கு வேலை இல்லை, ஊருக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறாய். வா. அக்டோபர் ஆறாம் தேதி நம் இரண்டாம் கலிலி சபைக்கு ஐம்பது வயது. சபையின் மூத்த தாய்மார்களுக்கான முதல் பெஞ்சில் வெள்ளை உடுப்போடு அம்மா உட்காருவாள். அன்றைக்கு நீ அவள் கற்றுக்கொடுத்த பாட்டைப் பாடினால் அதைவிடப் பெரிய பரிசு அவளுக்கு ஒன்றும் வேண்டாம்.

ஒரு தடங்கல் இருக்கிறது, உனக்கே தெரியும். மதுக்கடையில் பாடினாய் என்று பதினோரு வருடத்துக்கு முன்னால் உன் பெயரைச் சபையிலிருந்து அடித்தார்கள். அடித்த பெயரைத் திரும்ப எழுத வேண்டும் என்றால், அந்த ஆள் எல்லார் முன்னாலும் நின்று மன்னிப்புக் கேட்க வேண்டும். பிறகு எல்லாரும் வரிசையாக வந்து வலது கை கொடுப்பார்கள். போதகர் ஹாலோவே இதில் கண்டிப்பாக இருக்கிறார். அம்மாவிடமும் கேட்டுப் பார்த்தேன். "சபை கை குடுக்கட்டும், அப்புறம் நான் குடுக்கறேன்" என்றாள். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் பதினோரு வருடத்தில் உன்னைப் பற்றி அவள் சொன்ன முதல் வார்த்தை அது.

இரண்டு நிமிட வேலை, டீலி. நின்று, இரண்டு வரி சொல்லி, உட்கார்ந்துவிடு. யோசித்து எழுது.

உன் அக்கா,
லூவீனியா பிக்கெட்

---

கோபன்ஹேகன்
9 மார்ச் 1957

அன்புள்ள அக்காவுக்கு,

டீலி எழுதுவது. தொண்டை இரும்பு மாதிரி இருக்கிறது. உன் முழங்கால் வலி குறைந்ததா? ஐஸ் மேலேயே நின்றுகொண்டிருக்காதே என்று எத்தனை தரம் சொல்வது?

போன மாதம் துறைமுகத்துக்குப் பக்கத்து மண்டபத்தில் பதினாறு நாள் பாடினேன், பதினாறு நாளும் நாற்காலி காலி இல்லை. இந்த ஜனங்கள் நல்லவர்கள். ஆனால் கை தட்டத் தெரியாது. தாளத்தின் ஒன்றிலும் மூன்றிலும் தட்டுகிறார்கள், அணிவகுப்புக்குத் தட்டுவது போல. முதல் நாளே பாட்டை நிறுத்திவிட்டுச் சொல்லிக்கொடுத்தேன்: இரண்டிலும் நாலிலும் தட்டுங்கள், இல்லாவிட்டால் சும்மா இருங்கள். பியானோ வாசிக்கும் ஓவெ பயந்துபோனான். அவர்கள் சிரித்துக்கொண்டே கற்றுக்கொண்டார்கள். இப்போது நம் ஊர்ச் சபையில் உட்கார வைத்தாலும் வெட்கமில்லாமல் தட்டுவார்கள்.

ஊரில் பெரிய மண்டபத்தில் பாட வைக்கிறேன் என்று ஒரு ஏஜென்டு எழுதியிருந்தான். நம் கறுப்பு ஜனங்கள் எங்கே உட்காருவார்கள் என்று கேட்டேன். தனியாக மாடியில் என்றான். முடியாது என்று எழுதிவிட்டேன். நான் ஊருக்கு வருவது என்றால் கலிலிக்கு மட்டும்தான்.

ஆனால் மன்னிப்பு எதற்கு, அக்கா? பாடியதற்கா? பாட்டுக்காக நான் யாரிடமும் மன்னிப்புக் கேட்க மாட்டேன்.

இன்னொன்று. அந்தச் சனிக்கிழமைகளில் நான் பாடியது ஆற்றுக்கு அக்கரையில், வேறு பெயரில். சபை ஆள் எவரும் படகேறி அந்தப் பக்கம் வரமாட்டார். ஆனால் மாதக் கூட்டத்தில் மூப்பர் ஸ்டிப்பின்ஸ் எழுந்து நின்று, கடையின் பெயர் சொன்னார், கிழமை சொன்னார், பச்சை கவுன் போட்டிருந்தாள் என்றுகூடச் சொன்னார். எனக்கு அப்போது வயது பத்தொன்பது. நீக்கலாம் என்பவர்கள் கை தூக்குங்கள் என்றதும் அம்மாவும் வலது கையைத் தூக்கினாள். அது எனக்குப் புரிகிறது. முதல் பெஞ்சில் உட்கார்ந்தவள் வேறு என்ன செய்வாள்? ஆனால் பச்சை கவுனைப் பற்றி அவரிடம் யார் சொன்னது? அது மட்டும் எனக்கு வேண்டும்.

அம்மாவுக்கு என் அன்பு. அவள் கேட்காவிட்டாலும் சொல்.

தங்கை,
டீலி

---

நியூ ஆர்லியன்ஸ்
2 ஏப்ரல் 1957

அன்புள்ள டீலிக்கு,

சுகம். நீயும் சுகம் என்று அறிந்து கர்த்தரைத் துதிக்கிறோம். முழங்கால் பரவாயில்லை.

கடைக்கு முன்பக்கம் கண்ணாடி போட்டுவிட்டேன். மீனை ஐஸில் அடுக்கித் தெருவைப் பார்க்க வைத்தால் பாதி வியாபாரம் அதுவே செய்கிறது. நோன்பு நாட்கள் என்பதால் கத்தோலிக்கர்கள் வெள்ளிக்கிழமை வாசல் வரை நிற்கிறார்கள். மீன் பொரிக்க இன்னொரு பெண்ணை வேலைக்கு வைத்திருக்கிறேன். வாய் ஜாஸ்தி, கை அதைவிட வேகம்.

உன் விஷயமாகப் போதகரைப் பார்க்கப் போனேன். நல்ல மனுஷர், வந்து ஆறு வருடம்தான் ஆகிறது, பழையது எதுவும் அவருக்குத் தெரியாது. பாட்டைப் பற்றிப் பேச்சே வேண்டாம், இத்தனை வருடம் சபைக்கு வரவில்லை என்று மட்டும் அவள் வருத்தம் சொன்னால் போதாதா என்று கேட்டேன். சிரித்தார். "சகோதரி, உங்க கடையில பேரம் பேசலாம். மன்னிப்புல தள்ளுபடி கிடையாது" என்றார். விட்டேனா? கடைசியில் வார்த்தைகளை உன் இஷ்டத்துக்கு விட ஒப்புக்கொண்டார். 'வருந்துகிறேன்' என்ற சொல் மட்டும் இருக்க வேண்டுமாம். எதற்கு வருந்துகிறாய் என்று கேட்கமாட்டார். இதைவிட நல்ல பேரம் யாராலும் முடித்துத் தர முடியாது.

நீ ஊறவைத்த பச்சை மீனை ரொட்டியில் வைத்துத் தின்பதாக முன்பு எழுதியிருந்தாய். மீனைப் பொரிக்கத் தெரியாதவர்கள் தட்டும் கையை ரொம்ப நம்பாதே.

ஸ்டிப்பின்ஸ் செத்து நாலு வருடம் ஆகிறது. பழைய கதையை அவரோடு விட்டுவிடுவோம். டிக்கெட் எந்தத் தேதிக்கு எடுக்கிறாய்?

அக்கா,
லூவீனியா

---

ஸ்டாக்ஹோம்
30 ஏப்ரல் 1957

அன்புள்ள அக்கா,

நலம். ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறேன், அதனால் கொஞ்சமாக எழுதுகிறேன். இங்கே ராத்திரி எட்டு மணிக்கும் வெளிச்சம் இருக்கிறது, கோழி எப்போது தூங்கும் என்று தெரியவில்லை.

நீ கடைக் கண்ணாடி பற்றி எழுதினாய், போதகர் பற்றி எழுதினாய், ஸ்டிப்பின்ஸ் செத்தது பற்றியும் எழுதினாய். நான் கேட்டதற்குப் பதில் இல்லை.

நான் ஒரு பேரம் சொல்கிறேன், நீயும் வியாபாரிதானே. நான் வருகிறேன். எல்லார் முன்னாலும் நிற்கிறேன், 'வருந்துகிறேன்' என்றும் சொல்கிறேன். ஆனால் அன்றைக்கு அவரிடம் போய்ச் சொன்னவர் என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டும். என்னைத் தனியாக நிறுத்தியது ஒரு தரம் போதும்.

அக்டோபருக்குப் பாரிஸிலிருந்து கேட்கிறார்கள். பெரிய இடம். ஜூலைக்குள் அவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும்.

அம்மா இருமுகிறாளா? வசந்தத்தில் அவளுக்கு எப்போதும் இருமல் வரும்.

டீலி

---

நியூ ஆர்லியன்ஸ்
26 மே 1957

அன்புள்ள தங்கைக்கு,

அம்மாவுக்கு இருமல் இருந்தது, தேனும் எலுமிச்சையும் கொடுத்ததில் அடங்கிவிட்டது. கையில் சக்தி குறைவு. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வெள்ளை உடுப்பை அவளே கஞ்சி போட்டுத் தேய்க்கிறாள், என்னைத் தொடவிடுவதில்லை.

உன் இசைத்தட்டை இன்னும் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. தைரியம் இல்லை, உள்ளதைச் சொல்கிறேன். கடைக்கு என்று ஒரு பழைய கிராமபோன் வாங்கி, போன வெள்ளிக்கிழமை அங்கேதான் போட்டேன். இரண்டாவது பாட்டு வரும்போது எல்லாரும் காசைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கும் பெர்னெல் மட்டும், "வீனி, சட்டியில மீன் கருகுது" என்றான். "கருகட்டும்" என்றேன். இருபது வருடத்தில் என் கையால் கருகிய மீன் அது ஒன்றுதான். அதன் பிறகு பெர்னெல் தினமும் வந்து, கருக்குற பாட்டைப் போடு என்கிறான்.

நீ சொன்ன பேரத்தைப் போதகரிடம் சொன்னேன். அவர் தலையாட்டினார். அந்த ஆள் உயிரோடு இருந்தால் நிற்கட்டும், நியாயம்தான் என்றார். நானும் விசாரித்துப் பார்க்கிறேன். பதினோரு வருடம் என்பது சின்னக் காலம் இல்லை. ஆற்றங்கரையில் ஆயிரம் கண், எந்தக் கண் பார்த்தது என்று எப்படிச் சொல்வது?

பாரிஸுக்கு அவசரப்பட்டு ஒத்துக்கொள்ளாதே. நல்ல சரக்கு வைத்திருக்கிறவர் முதலில் வந்த விலைக்குக் கொடுக்கமாட்டார்.

அக்கா,
லூவீனியா

---

நியூ ஆர்லியன்ஸ்
8 ஜூலை 1957

அன்புள்ள டீலி,

நான் எழுதி ஆறு வாரம் ஆகிறது, உன்னிடமிருந்து ஒரு வரி இல்லை. நீ நலமாக இருக்கிறாய் என்று நம்பி எழுதுகிறேன்.

மேற்கே புயல் அடித்துச் சிப்பி வரத்து நின்றுவிட்டது. கெளுத்தி இருக்கிறது, சமாளிக்கிறேன். எனக்குக் கவலை வியாபாரத்தில் இல்லை.

நேற்று சாப்பிடும்போது அம்மா, "தபால்காரன் வந்தானா?" என்று கேட்டாள். எந்தத் தபால் என்றேன். "எந்தத் தபாலோ. வந்தானான்னு கேட்டேன்" என்றாள். தட்டைப் பார்த்துக்கொண்டுதான் கேட்டாள். நான் உள்ளே போய் ஐந்து நிமிடம் ஒரு வேலையும் இல்லாமல் நின்றுவிட்டு வந்தேன்.

எழுது, டீலி. திட்டியாவது எழுது.

அக்கா

---

கோபன்ஹேகன்
20 ஜூலை 1957

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். புது இசைத்தட்டுக்குப் பாடி முடித்தோம், முதல் தட்டைவிட நன்றாக வந்திருக்கிறது. ஓவெ சந்தோஷத்தில் எல்லாருக்கும் பன்றி வறுவல் வாங்கிக் கொடுத்தான்.

பாரிஸ் ஒப்பந்தம் மேஜை மேல் இருக்கிறது. ஆகஸ்டு முடிய அவகாசம் வாங்கியிருக்கிறேன். அதற்கு மேல் கேட்டால் மரியாதை இல்லை.

நான் கேட்டது ஒரே கேள்வி. இனி கேட்க மாட்டேன்.

அம்மா தபால்காரனைப் பற்றிக் கேட்டாள் என்று எழுதியிருந்தாயே, அந்த இடத்தை மட்டும் நாலைந்து தரம் படித்தேன்.

டீலி

---

நியூ ஆர்லியன்ஸ்
9 ஆகஸ்டு 1957

அன்புள்ள டீலிக்கு,

சுகம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். முதலில் விஷயம்.

ஸ்டிப்பின்ஸிடம் சொன்னது நான்.

அப்போது என்னிடம் இருந்தது ஒரு கைவண்டி. தெருத் தெருவாகக் கத்தி விற்றுக்கொண்டிருந்தேன். சபைக்கு வெள்ளிக்கிழமை தோறும் மீன் சாப்பாடு போடுவார்களே, அதற்கான மீனை மார்க்கெட்டிலிருந்து வேறொருவன் கொடுத்துவந்தான். யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்கிறவர் ஸ்டிப்பின்ஸ். அவர் வீட்டு வாசலில் மூன்று நாள் நின்றேன். மூன்றாம் நாள் அவர், உன் வீடு எப்படி, தங்கச்சி ஒழுங்காக இருக்கிறாளா, சனிக்கிழமை அவளைக் காணோமே என்றார். நான் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். எதையும் மறைக்காத சபைப் பிள்ளை என்று அவர் நினைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. சொன்னேன். கவுனின் நிறத்தையும் சொன்னேன். அதைத் தைத்ததே நான்தானே. கூப்பிட்டு இரண்டு வார்த்தை திட்டுவார், அதோடு முடியும் என்றுதான் கணக்குப் போட்டேன். என் வாழ்க்கையில் நான் தப்பாகப் போட்ட கணக்கு அது. அடுத்த வெள்ளிக்கிழமை மீன் ஆர்டர் எனக்கு வந்தது. கைவண்டி கடையானது அதனால்தான். கண்ணாடி போட்ட கடை, ஐஸ் பெட்டி, அதற்கு மேலே உன் படம், எல்லாம் அதனால்தான்.

இதை எழுதி அனுப்பினால் மட்டும் போதாது என்று உன் கடைசிக் கடிதம் வந்ததும் முடிவு செய்தேன். போன ஞாயிறு, ஆராதனை முடிந்து மாதக் கூட்டம். யாருக்காவது ஏதாவது சொல்ல வேண்டுமா என்று போதகர் கேட்டார். வெள்ளிக்கிழமை மீன் விலை கூடப்போகிறது என்று சொல்லத்தான் எழுந்தேன் என்று நினைத்திருப்பார்கள். எழுந்து முன்னே போய் நின்றேன். உனக்கு இப்போது எழுதியதை அப்படியே சொன்னேன். கடைசியில், "நீங்க அவ பேரை அடிச்சது பாட்டுக்காகன்னு நினைச்சுக்கிட்டு இருக்கீங்க. நான் அவளைக் காட்டிக்குடுத்து மீன் ஆர்டர் வாங்கினேன். வருந்துறேன். யார்கிட்டயும் கை கேக்கல" என்றேன்.

போதகர், வியாபாரத்துக்காக விற்ற வார்த்தையை வைத்து ஒரு பிள்ளையை நீக்கியிருக்கிறோம், அந்தத் தீர்மானம் நிற்க வேண்டுமா என்று சபையைக் கேட்டார். அதை அடித்துவிட்டு, மன்னிப்புக் கேட்காமலே அவள் பெயரைத் திரும்ப எழுதலாம் என்பவர்கள் வலது கையைத் தூக்குங்கள் என்றார்.

நான் முன்னால் நின்றதால் எல்லார் முகமும் எனக்குத் தெரிந்தது. அம்மாவின் முகமும். அவள் என்னைப் பார்க்கவில்லை. அந்த வலது கை இப்போது தோள் வரைதான் வரும், டீலி. இடது கையால் முழங்கையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டு மேலே தூக்கினாள். அவள் கைதான் முதலில் எழுந்தது. மற்றவர்களெல்லாம் அதற்கப்புறம். இரண்டு மூப்பர்கள் மட்டும் தூக்கவில்லை. அது அவர்கள் இஷ்டம், அவர்களுக்கு இனி மீனில் வால் துண்டுதான்.

பிறகு ஒவ்வொருவராக வந்து எனக்கு வலது கை கொடுத்தார்கள். கேட்காமலே. அம்மா வரவில்லை. மூன்று நாள் என்னோடு பேசவும் இல்லை. திங்கட்கிழமை பயறும் சோறும் செய்து என் தட்டை மேஜையில் வைத்தாள், அவ்வளவுதான்.

நேற்று மத்தியானம் கடைக்கே வந்துவிட்டாள். கடை திறந்த நாள் முதல் அவள் கால் வைத்தது நேற்றுதான். ஐஸ் பெட்டிக்கு மேலே இருந்த படத்தைப் பார்த்தாள்.

"இளைச்சிருக்கா. எங்க அந்தப் பாட்டுப் பிளேட்டு?"

போட்டேன். ஒரு பக்கம் முழுவதும் நின்றுகொண்டே கேட்டாள். முடிந்ததும், "நடுவுல மூச்சு எடுக்கறா. நானா அப்படிச் சொல்லிக் குடுத்தேன்?" என்றாள். பிறகு, "மறுபக்கம் போடு, லூவீனியா" என்றாள். அவள் வாயில் என் பெயரும் வந்துவிட்டது.

நீ என் பக்கத்தில் வந்து நிற்க வேண்டாம். எதற்கும் வருந்தவும் வேண்டாம். வரவேண்டுமா என்பது உன் இஷ்டம். என்னைப் பார்க்க விருப்பம் இல்லை என்றால் அந்த வாரம் நான் ஏரிப்பக்கம் மீன் பிடிக்கிறவர்களோடு போய்த் தங்கிக்கொள்கிறேன். அம்மாவிடம் ஏதாவது சொல்லிச் சமாளிப்பேன், அதில் எனக்கு அனுபவம் உண்டு.

நீ சுகமா?

லூவீனியா

---

கோபன்ஹேகன்
19 ஆகஸ்டு 1957

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும், இனி ஏரிப்பக்கம் போகிறேன் என்றெல்லாம் உளறக்கூடாது.

எனக்குத் தெரியும். பத்து வருடமாகத் தெரியும்.

நான் நியூயார்க்குக்கு ரயிலேறிய நாள் ஞாபகம் இருக்கிறதா? ரயிலில் நமக்குச் சாப்பாடு கொடுக்கமாட்டார்கள் என்று எல்லாரும் செருப்புப் பெட்டியில் கோழி வறுத்து எடுத்துவருவார்கள். நீ பெட்டி நிறையப் பொரித்த மீன் கொண்டுவந்தாய். அரைப் பெட்டி அல்ல, முழுப் பெட்டி, எல்லாம் நடுத்துண்டு. என் முகத்தைப் பார்க்காமல் கையில் திணித்தாய். நான் காசு எடுத்தேன், நீ வாங்கவில்லை. அக்கா, பழைய போதகர் மகளின் கல்யாணத்துக்குக்கூட நீ மீனுக்கு விலை வாங்கினவள். ரயில் நகர்ந்து இரண்டாவது துண்டு தின்னும்போது எனக்குப் புரிந்துவிட்டது. அழுதுகொண்டே எல்லாவற்றையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது.

நான் உன்னைக் கேட்டது தெரிந்துகொள்வதற்காக இல்லை. நீ சொல்ல வேண்டும் என்பதற்காக.

நீக்காமல் இருந்திருந்தால் நான் இன்றைக்கும் பாடகர் குழுவில் மூன்றாம் வரிசையில் நின்றிருப்பேன். அதற்காக உனக்கு நன்றி சொல்வேன் என்று நினைக்காதே. நான் எங்கேயிருந்தாலும் மேலே வந்திருப்பேன், என் தொண்டையை நான் அறிவேன். அம்மா என் பெயரைச் சொல்லாத பதினோரு வருடத்தை எந்தக் கைதட்டலும் திருப்பித் தராது. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும். ஆனால் அன்றைக்கு முன்னால் போய்த் தனியாக நின்றாய். நான் உன் பக்கத்தில் நின்றிருக்க வேண்டும் என்று உன் கடிதம் வந்த நாளிலிருந்து தோன்றிக்கொண்டே இருக்கிறது.

பாரிஸுக்கு நவம்பரில் வருகிறேன் என்று எழுதிவிட்டேன். முனகினார்கள், ஒத்துக்கொண்டார்கள். நல்ல சரக்கு பற்றி நீ சொன்னது சரிதான்.

அம்மாவிடம் சொல்: நடுவில் மூச்சு எடுத்தது தெரியாமல் இல்லை, வேண்டுமென்றே. ஆனால் அக்டோபர் ஆறாம் தேதி அவள் சொல்லிக்கொடுத்த இடத்தில்தான் எடுப்பேன், முதல் பெஞ்சிலிருந்து எண்ணிக்கொள்ளட்டும். பச்சை கவுன் ஒன்று தைத்துக்கொண்டிருக்கிறேன்.

செப்டம்பர் இருபத்தெட்டு, சனிக்கிழமை காலை ரயிலில் வந்து இறங்குவேன். ஸ்டேஷனுக்கு வரும்போது பொரித்த மீன் கொண்டுவா, நடுத்துண்டாக. இந்தத் தரம் விலை போட்டுக் கொடு.

தங்கை,
டீலி